கிளட்ச் பெடலின் வெட்டி அசைவு: ஓர் ஆய்வு

உழைப்பின் மேன்மையைப் பற்றி நூல்கள் ஏராளம். கிளட்ச் பெடலின் முதல் 10 மில்லிமீட்டரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. அக்குறையைக் களைய, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம். 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரானதால், மாதிரி போதவில்லை என்று எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது. இதில் பெடல் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவே நீளமாக ஓடும் கேபிள்தான் இரண்டுக்கும் உறவு. பெடலை அழுத்தினால் முதல் 10 முதல் 20 மி.மீ. வரை ஒன்றுமே நடக்கக் கூடாது என்பது பராமரிப்பு விதி. வெட்டி அசைவு எனப்படும் அந்த ஒன்றும் நடக்காத தூரமே கிளட்சைக் காக்கிறது என்பது நம் துணிபு.

வேலை செய்யாத தூரத்துக்கு எதற்கு இடம் என்பார் சிக்கனவாதி. அதை அடைத்துவிட்டால், காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும், பிடி தளரும், மேட்டில் எஞ்சின் அலறும், வண்டி அசையாது. தேய்மானம் முதலில் தின்பதும் இந்த இடைவெளியைத்தான். கிளட்ச் பிளேட் மெலிய மெலிய பிரஷர் பிளேட் ஃபிளைவீலை நெருங்கும். அதன் விரல்முனைகள் பேரிங்கை நோக்கி எழும். வெட்டி அசைவு சுருங்கும். மறுபுறம், கேபிள் நீண்டு அதைக் கூட்டும். இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தால் எவரும் வண்டிக்கடியில் படுக்க வேண்டியதில்லை. இயற்கைக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

அப்படியானால் இரட்டிப்பாக விட்டுவைக்கலாமே என்பார் தாராளவாதி. அவருக்கு ரிவர்ஸ் கியரே பதில் சொல்லும். அசைவு மிகுந்தால் பெடல் தரைதட்டினாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது. சிங்க்ரோமெஷ் இல்லாத ரிவர்ஸ் கரகரவென்று ஊருக்கே அறிவிக்கும். அனுபவசாலியின் கால் அளவைச் சொல்லிவிடாதா என்பது மூன்றாவது தடை. கால் முரடு, 20 மி.மீட்டரை அது உணராமலே விழுங்கிவிடும். பெடலின் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, விரலால் தள்ளி, தடை தட்டுப்படும் இடத்தைக் குறிப்பதே முறை.

மிச்சமிருப்பவர் மில்லிமீட்டர் பிசகாத 15 வேண்டும் என்னும் துல்லியவாதி. அசைவைக் கூட்டிக் குறைக்கும் நட்டே அவரை மறுக்கிறது. கியர்பாக்ஸின் இடப்பக்க நெம்புகோலில் உள்ள இறக்கை நட்டின் புடைப்புகள் பள்ளத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஆகவே கேபிள் முனை முறுக்கிக்கொள்ளாமல் குறடால் பிடித்தபடி, அரைச்சுற்று அரைச்சுற்றாகத்தான் திருப்ப முடியும். விதி ஒற்றை எண்ணைச் சொல்லாமல் ஒரு வரம்பைச் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. வரம்புக்குள் சோம்பியிருக்கும் பெடலைத் திருத்தப் புகுந்து கிளட்சைக் கருக்குபவர் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: பீட்டிலில் கிளட்ச் பிளேட்டை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும்.