குழி தோண்டும் வீரனும் குழியில் விழும் ஆட்டக்காரரும்

கவசமணிந்த வீரன் ஒருவன் வாளை விட்டுவிட்டு மண்வாரியைத் தூக்கிக்கொண்டு தீமையை ஒழிக்கப் புறப்படுவது எந்தப் படைத்தலைவரும் பரிந்துரைக்கும் போர்முறையன்று. ஆயினும் 2014 ஜூனில் வெளிவந்த ‘ஷவல் நைட்’ என்னும் வீடியோ கேம் அம்முறையை முகத்தில் சிரிப்பின் சாயலேயின்றிக் கையாண்டு வெற்றியும் கண்டது. அது பிளாட்ஃபார்மர் வகையைச் சேர்ந்தது. மேடைக்கு மேடை தாவுவதும், தாவத் தவறினால் சாவதுமே அவ்வகையின் இலக்கணம். பெருநிறுவனங்களின் பணமின்றிச் சிறு குழுக்கள் தாமே உருவாக்கி வெளியிடும் ஆட்டங்கள் இண்டி எனப்படும்; இதுவும் அவ்வினமே. இதனை உருவாக்கிய யாட் கிளப் கேம்ஸ் என்னும் கலிஃபோர்னியக் குழு, பெயரில் உல்லாசப் படகு வைத்திருந்தும், 2013இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் 75,000 டாலர் கேட்டு நின்றது; மக்களோ 3,11,000 டாலருக்கும் மேல் அள்ளிக் கொடுத்தனர்.

இவ்வாட்டத்தின் குலமுறையைக் கிளத்தப் புகுந்தால், கடன் கொடுத்தோர் பட்டியலே கிடைக்கும். எதிரியின் தலைமேல் மண்வாரியை ஊன்றித் துள்ளும் உத்தி, 1989இல் கேப்காம் வெளியிட்ட ‘டக்டேல்ஸ்’ ஆட்டத்தில் கோடீஸ்வர வாத்து ஒன்று தன் கைத்தடியை ஊன்றித் துள்ளியதன் வழித்தோன்றல். கட்டத்துக்கொரு கருப்பொருளும் அதற்கேற்ற பட்டப்பெயருடைய பாஸும், அதாவது கட்டத்தின் இறுதியில் காத்திருக்கும் தலைமை எதிரியும், ‘மெகா மேன்’ ஆட்டத்தின் மரபு. வழி காட்டும் உலகப்படம் ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3’ போட்ட பாதை. இத்தனை வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து வைத்தும் வீடு ஒரே வீடாகத் தெரிவதுதான் இதன் முதற்பெருமை.

இரண்டாவது பெருமை, அது கூசாமல் சொல்லும் பொய். ஜப்பானில் 1983இலும் அமெரிக்காவில் 1985இலும் அறிமுகமான நிண்டெண்டோவின் எட்டு பிட் கருவியில் ஓடிய ஆட்டம் போலவே இது தோன்றுகிறது. அக்கருவியோ, திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுகளுக்கு மேல், அதாவது நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல், காட்ட இயலாமல் திணறியது. அதனால் எதிரிகள் கூடினால் உருவங்கள் மின்னி மின்னி மறைந்தன. ‘ஷவல் நைட்’ உருவங்கள் மின்னுவதில்லை; திரையும் இக்காலத் தொலைக்காட்சிக்கேற்ப அகன்று கிடக்கிறது. இசைக்கு யாட் கிளப் குழு முன்மாதிரியாகக் கொண்டது, கொனாமி நிறுவனம் ஜப்பானிய கார்ட்ரிட்ஜ்கள், அதாவது கருவியில் செருகும் ஆட்டப் பெட்டிகள், சிலவற்றுள் பொருத்திய விஆர்சி6 என்னும் சில்லு; அமெரிக்காவில் விற்ற கருவி அச்சில்லின் கூடுதல் ஒலியை வெளிப்படுத்தும்படி அமைக்கப்படவில்லை. ஆகவே, அமெரிக்க வீட்டுக் கூடத்தில் அக்காலத்தில் ஒலித்தேயிராத இசையைக் கேட்டு, இதுவல்லவோ தம் பிள்ளைப்பருவம் என்று உருகுவோரை ஆய்வுலகம் இரக்கத்தோடு நோக்குதல் வேண்டும்.

ஆட்டத்தின் அறிவுக்கூர்மைக்கு அதன் செக்பாயிண்டே சான்று. செத்தவர் கட்டத்தின் தொடக்கத்துக்கே துரத்தப்படாமல் நடுவழியிலிருந்து தொடர உதவும் நிலையமே செக்பாயிண்ட். இங்கு அது ஒரு கண்ணாடிக் கோளம். அதை உடைத்தால் செல்வம் கொட்டும், ஆனால் மறுபிறப்புக்கான இடம் பறிபோகும். பேராசை பெருநஷ்டம் என்னும் பழமொழியை இவ்வளவு சுருக்கமாக நடத்திக்காட்டிய பாடத்திட்டம் அரிது. செத்தால் பணத்தில் ஒரு பகுதி சிறகு முளைத்த பைகளாக அவ்விடத்திலேயே மிதந்து நிற்கும். அவை பெரும்பாலும் முன்பு விழுந்த குழிக்கு மேலேயே மிதப்பதால், அவற்றை எடுக்கத் தாவி மறுபடியும் விழுவதே மனித இயல்பு.

குறைகளும் இக்குழிகளிலிருந்தே தொடங்குகின்றன. அடிபட்ட வீரன் பின்னோக்கித் தூக்கியெறியப்படுகிறான். அந்நொடியில் ஆட்டக்காரரின் விரல் வேண்டுகோள் எதுவும் ஏற்கப்படுவதில்லை. ஆதலால் தங்கத்தைக் கொட்டி உயிர்க்குமிழ்களைப் பெருக்கிக்கொண்டவரும், அவற்றுள் ஒன்றை மட்டுமே இழந்த நிலையில், ஓர் எலியின் உரசலால் பாதாளம் சேர்கிறார். மறுபுறம், பெட்டிக்குள் ஒளிந்திருந்து திடீரென எழும்பி வியாபாரம் பேசும் செஸ்டர் என்பவரிடம் கிடைக்கும் லாக்கெட் ஒன்று சில கணம் எவ்வடியும் படாமல் காப்பதால், முட்களின் மேலேயே நடந்துபோய், வடிவமைப்பாளர்கள் உழைத்து அமைத்த இடர்களை ஆட்டக்காரர் அவமதிக்கலாம். பாதி டிரவுட் மீனும் பாதி ஆப்பிளுமாகிய அரசர் ஒருவர் மந்திரநீர் வழங்குமுன் தம் குடிகளோடு ஆடும் நடனம், முதல்முறை அற்புதம். பிறகு நீர்வரி கட்டும் வரிசை.

மக்களுக்கு அளித்த வாக்குறுதிகளும் தனி வரலாறாயின. இலக்கைத் தாண்டிய பணத்துக்கு ஈடாக அறிவித்த கூடுதல் பகுதிகளை முடிக்க அக்குழுவுக்கு 2019 டிசம்பர் வரை ஆயிற்று. ஆட்டத்தை முன்பே வாங்கியவர்களுக்கு அவற்றை இலவசமாகவே அளித்தது, தாமதத்தைக் குறைகூறும் இன்பத்தையும் பறித்துவிட்டது.

கூர்ந்து நோக்கினால் இவ்வாட்டம் பின்பற்றுவது பழைய ஆட்டத்தையன்று, அதைப்பற்றிய நினைவை. மின்னுதல் களையப்பட்டது, தூக்கியெறிதல் வைத்துக்கொள்ளப்பட்டது. முன்னது கருவியின் இயலாமை என்றும் பின்னது வீரத்துக்கான சோதனை என்றும் நினைவு பிரித்துவைத்திருந்தமையே காரணம். சிறுவயதில் தோற்ற ஆட்டங்களுக்கு நடுவயதில் பழிதீர்த்துவிட்டதாக இதை முடித்தவர் மார்தட்டினால், எதிரியின் இடத்தில் அவருக்குத் தோதான ஆளை நிறுத்தியிருந்தார்கள் என்பதை அவரிடம் சொல்லாதிருப்பதே பண்பு.