முதலை விழப்போவது தெரிந்தும் பதறுதல்: பாகான் டாலாம் மறுவாசகர் குறித்த சிற்றாய்வு

'ஒன் பீஸ்' படக்கதைத் தொடரில் ரப்பர் உடம்புக்கார நாயகன் லூஃபி, வில்லன் குரோக்கடைலிடம் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வெல்கிறான். 1997 முதல் எய்ச்சிரோ ஓடா வரைந்துவரும் அக்கதையின் வாசகர் எல்லாருக்கும் இது மனப்பாடம். மனப்பாடமான சண்டைக்கு மறுபடியும் ஏன் பல்லைக் கடிக்கிறார்கள்? முன்னோர் எவரும் இதை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம்.

ஆய்வுக்குட்பட்டவர், பிறை தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் என் மச்சான். களம், பாகான் டாலாமில் அவர் பாட்டி வீட்டு வாசல். கருவிகள்: 'புடாக் கெத்தா' (ரப்பர் பையன்) என்ற பெயரில் வந்த, அட்டை இல்லாத மலாய்ப் பதிப்பு, ஒரு குவளை தே ஓ, மச்சானின் தொடை.

முதலில் கறைச் சான்று. வில்லன் தங்கக் கொக்கியால் லூஃபியைக் குத்தித் தூக்கி மணலில் புதைக்கும் பக்கங்கள் இன்றும் வெள்ளையாக இருக்கின்றன. லூஃபி முதுகில் தண்ணீர்ப் பீப்பாயோடு திரும்பி வரும் பக்கங்களிலோ ரொட்டி சானாய்க் குழம்பு, கட்டைவிரல் ரேகையோடு. ஆக, மறுவாசகர் தோல்வியை ஓடிக் கடக்கிறார், பழிவாங்கலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

அடுத்தது தொடைத்தட்டு. மணலாய் உதிர்ந்து நழுவும் வில்லனின் உடம்பு நனைந்தால் அடி விழும் என்பதே லூஃபியின் கண்டுபிடிப்பு. அந்த முதல் குத்து அடுத்த பக்கத்தில்தான் இருக்கிறது. மச்சானின் கை இந்தப் பக்கத்திலேயே தொடையில் விழுந்துவிடுகிறது. விளைவு காரணத்தை முந்தும் இந்நிகழ்வை இயற்பியலார் கவனிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, அவர் எதிரிக்கே துப்புக் கொடுத்தது: "டேய், முதுகுல என்ன பீப்பாய்னு கேளுடா!" முதல் வாசிப்பில் நாயகனுக்காகப் பதறியவர், மறுவாசிப்பில் ஒன்றும் தெரியாமல் நிற்கும் வில்லனுக்காகப் பதறுகிறார். விவரம் தெரிந்தவனுக்கு வரும் இரக்கம் இது. ஆனால் நிலவறையில், தண்ணீர் தீர்ந்து, உடம்பில் விஷம் ஏறி, தன் ரத்தத்தாலேயே லூஃபி கையை நனைத்துக்கொள்ளும் மூன்றாம் சண்டையில் தொடையும் ஓய்கிறது, வாயும் ஓய்கிறது. தே ஓ ஆறிப்போகிறது. முடிவு தெரியும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது என்பது என் துணிபு.

எதிர்க்கட்சி பாட்டி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டை நனைந்தால் பால் மங்கில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும் என்பதால், மழை வந்தால் வெட்டும் இல்லை, சம்பளமும் இல்லை. "ரப்பர் பையன்ங்கிற, தண்ணிய வச்சு ஜெயிக்கிறாங்கிற. யாருய்யா இதை எழுதுனது?" சண்டை முடிந்ததும், கதை நடக்கும் பாலைவன நாடான அலபாஸ்டாவில் வில்லன் சூழ்ச்சியால் பொய்த்த மழை கொட்டுகிறது, மச்சான் கண்ணைத் துடைத்தார். பாட்டி, "அன்னிக்கு வேலை போச்சு" என்றார்.

பிறகு குரோக்கடைல் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வாயில் சுருட்டு, தோளில் நீளக் கோட்டு. "தோட்டத்துத் தொரை மாதிரியில்ல இருக்கான்? அப்பன்னா இன்னும் ரெண்டு போடச் சொல்லு."

இரக்கக் கோட்பாட்டை இது அடியோடு சாய்க்கிறது. இரு முடிவுகளும் முரண்படுவதால் பாட்டியின் முடிவே ஏற்கப்படுகிறது, வீடு அவருடையது.