ஐந்தும் மூன்றும் ஆறு

தாம்பரத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றின் மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். வீட்டில் ‘கம்ப்யூட்டர் லேப்’ என்றுதான் சொல்லியிருந்தேன். பெரியப்பா நேரில் பார்த்திருந்தால் ஃபீஸைத் திருப்பிக் கேட்டிருப்பார். ஒரு பச்சைப் பலகை, கொஞ்சம் பொத்தான்கள், சிவப்பாக மின்னும் ஆறு இலக்கங்கள். அவ்வளவுதான்.

ஐந்தையும் மூன்றையும் கூட்ட ஒன்பது பைட் அடிக்க வேண்டும்: 3E 05 06 03 80 32 00 45 76. பிராக்டிகல் அன்று என் பார்ட்னர் அந்த 05ஐ விழுங்கிவிட்டான். சிப் முணுமுணுக்கக்கூட இல்லை. அடுத்து நின்ற 06ஐ எண்ணாக எடுத்துக்கொண்டது. எண்ணாக இருக்கவேண்டிய 03, ‘பி-சி ரெஜிஸ்டர் ஜோடியில் ஒன்றைக் கூட்டு’ என்ற கட்டளையாகிவிட்டது. பிறகு 80 வந்து பி-யைக் கூட்டியது. பி-யில் பூஜ்யம்தான் கிடந்தது.

“அஞ்சும் மூணும் எவ்வளவு தம்பி?” என்றார் எக்ஸ்டர்னல்.

“ஆறு சார். கிட்டே காட்டுது.”

1976இல் இன்டெல் கொண்டுவந்த இந்தச் சிப்புக்கு ‘பிழை’ என்று சொல்லவே வராது. கடைசி 76 ஹால்ட். அதை மறந்தால், தாம்பரத்தோடு முடியவேண்டிய லோக்கல் பெருங்களத்தூர், வண்டலூர் என்று போய்க்கொண்டே இருப்பதுபோல், மெமரியில் கிடக்கும் குப்பையை எல்லாம் கட்டளையாக நினைத்து ஓடும். விடை போய்ச் சேரவேண்டிய முகவரியான 00 45ஐ மாற்றி 45 00 என்று அடித்தால், விடையை மானிட்டர் புரோகிராம் இருக்கும் ஈப்ராமில் எழுதப் பார்க்கும். அங்கே எதுவும் பதியாது. அதற்கும் மௌனம்தான். கட்டளையாக அடிக்கக்கூடிய 256 பைட்டில் கையேடு விளக்கியது 246. மீதிப் பத்தை அடித்தாலாவது திட்டு விழுமா? விழாது. அவற்றுக்கும் உள்ளுக்குள் ரகசியமாக வேலை வைத்திருந்தார்கள்!

1978இல் வந்த 8086 கொஞ்சம் ரோஷக்காரன். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால், கைவேலையை விட்டுவிட்டு 0ஆம் இன்டரப்டுக்குப் போய் முறையிடும்.

இப்போது நமக்குப் பக்கத்திலேயே, ஐஐடி மெட்ராஸில், ‘சக்தி’ பிராசசர் உருவாகியிருக்கிறது. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி, எல்லா பிட்டும் பூஜ்யமாக இருந்தால் அது செல்லாத கட்டளை. பூஜ்யம் நிரம்பிய மெமரிக்குள் புரோகிராம் வழிதவறினால் அங்கேயே பிடிபடும். ஆனால் அதே விதியில், பூஜ்யத்தால் வகுத்தால் எந்தத் தடையும் கிடையாது. எல்லா பிட்டும் 1ஆக ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஆகவே, சக்தியில் அசெம்பிளி எழுதப்போகும் தம்பி தங்கைகளே, வகுப்பதற்கு முன்னால் கீழே இருப்பது பூஜ்யமா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். சிப் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் வைவாவில் சொல்லிவிடாதீர்கள்.