கலைமான் வினாதல்

குளித்தலையில் பிறந்தவனுக்கு எதிர்க்கரை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் காவிரி, அந்தப் பக்கம் முசிறி. வாழைப்பழம் என்றால் எங்கள் கரைப் பழம்தான் என்று தாத்தா கடைசிவரை சாதித்தார். சாதித்தபோது அவர் படுத்திருந்தது முசிறிக் கோரைப்பாயில்.

ஆகவே மிசிசிப்பிக் கரையில் வேலை கிடைத்தபோது எனக்குப் பாதிப் பயிற்சி ஏற்கெனவே முடிந்திருந்தது. அலுவலகம் மினசோட்டா மாநிலத்து வினோனாவில். வீடு, வாடகை மலிவு என்பதால், பாலத்துக்கு இந்தப் பக்கம் விஸ்கான்சினில், ஃபவுண்டன் சிட்டியில். சிட்டி என்பது மரியாதைக்கு. ஜனத்தொகை ஆயிரம்கூட இல்லை. 1995-ல் மலையிலிருந்து 55 டன் பாறை ஒன்று உருண்டுவந்து ஒரு வீட்டுக்குள் புகுந்துகொண்டது. பாறையை அகற்றாமல் அப்படியே வைத்து, பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கினார்கள். எதையும் வீணாக்காத ஜனங்கள் என்று அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் என் மேஜைக்கு வலப்பக்கம் ஒரு விஸ்கான்சின்காரர், இடப்பக்கம் ஒரு மினசோட்டாக்காரர். இருவரும் அறுபதை நெருங்குகிறவர்கள். இருவரும் வில்லெடுத்து மான் வேட்டையாடுகிறவர்கள். முப்பது வருஷமாக ஒரே தகராறைச் சலிக்காமல் பேசிக்கொண்டிருப்பவர்கள். பெயர் போட அனுமதி வாங்கவில்லை. இக்கரையார், அக்கரையார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே குடியிருக்கிறாய் என்று முதல் நாள் கேட்டார்கள். சொன்னேன். இக்கரையார் எழுந்துவந்து கை குலுக்கினார். அக்கரையார் துக்கம் விசாரிக்கிற குரலில், "போகப் போகப் பழகிவிடும்" என்றார்.

பேக்கர்ஸ், வைக்கிங்ஸ் என்று அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்காக இந்த இரண்டு மாநிலங்களும் முட்டிக்கொள்வது ஊரறிந்த கதை. அது ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. மான் சண்டைக்குக் கிழமை கிடையாது.

இக்கரையாரின் முதல் அஸ்திரம் சரித்திரம். வில்லுக்கென்றே தனியாக ஒரு மான் பருவத்தை ஒதுக்கிய முதல் மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1934. சூழலியல் பேசுகிறவர்கள் கும்பிடுகிற ஆல்டோ லியோபோல்டு இங்கேதான் தன் வில்லைத் தானே செதுக்கினார்; அவர் மனைவி எஸ்தெல்லா மாநில மகளிர் வில்வித்தைச் சாம்பியன். இதற்கு அக்கரையார் சரித்திரத்தில் பதில் தேடமாட்டார், சட்டத்தில் தேடுவார். மினசோட்டாவில் தீனி கொட்டி மானை வரவழைப்பது குற்றம். விஸ்கான்சினிலோ மான்நோய் கண்ட மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டியும்தான் தடை, மற்ற இடங்களில் இரண்டு கேலன் சோளம் வரை கொட்டலாம். "நீங்கள் நடத்துவது வேட்டையா, பந்தியா?" என்பார்.

கொம்பை அளக்கும் கலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. வில்லில் விழுந்த மான்களுக்கென்று போப் அண்டு யங் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. கொம்பை 60 நாள் உலரவைத்த பிறகுதான் அளப்பார்கள். கிளைகளின் நீளம், தண்டின் சுற்றளவு, இரு கொம்புக்கும் நடுவே உள்ள அகலம் என்று அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை பார்த்து, இடது வலது பொருந்தாவிட்டால் கழித்து, மொத்தம் 125 வந்தால் பதிவேட்டில் இடம். நம்மூரில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு கறாராக இருப்பதில்லை. அந்தப் பதிவேட்டில் அதிகம் இடம்பிடித்த மாவட்டம் என்று பெயரெடுத்தது பஃபலோ மாவட்டம், அதாவது எங்கள் மாவட்டம், அதாவது இக்கரை. எனக்கே லேசாகப் பெருமை வந்துவிடுகிறது, வாடகைக்கு இருப்பவன்தான் என்றாலும்.

ஆனால் உண்மையான புண் வேறு இடத்தில் இருக்கிறது. 1914 நவம்பரில், விஸ்கான்சினில் டேன்பரி என்ற ஊருக்கருகே ஜேம்ஸ் ஜோர்டான் என்பவர் ஒரு பெரிய கலைமானைச் சுட்டார். (துப்பாக்கியால். வில்காரர்கள் இந்த இடத்தில் இருமிவிட்டுத்தான் மேலே போவார்கள்.) தலையைப் பாடம்பண்ண ஒருவரிடம் கொடுத்தார். பாடம்பண்ணுகிறவர் மாநில எல்லையைத் தாண்டி மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தார், தலையையும் எடுத்துக்கொண்டு. ஐம்பது வருஷம் கழித்து 1964-ல், மினசோட்டாவின் சாண்ட்ஸ்டோனில் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒருவர் அதை 3 டாலருக்கு வாங்கினார். அளந்து பார்த்தால் 206 அங்குலத்துக்கு மேல், உலக சாதனை. சுட்டவர் பெயர் தெரியாத மினசோட்டா மான் என்று வேறொரு பதிவேட்டில் ஏறிவிட்டது. அது என் மான், அது என் மான் என்று ஜோர்டான் சொல்லிக்கொண்டே இருந்தார். 1978 டிசம்பரில் பதிவேட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் இறந்துபோயிருந்தார்.

இந்தக் கதையை நான் இதுவரை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். "தலையைக்கூட விட்டுவைக்க மாட்டீர்கள்" என்று முடிப்பார் இக்கரையார். "மூன்று டாலர் எண்ணிக் கொடுத்திருக்கிறோம்" என்பார் அக்கரையார். 1993-ல் கனடாவின் சஸ்காட்செவானில் ஒரு விவசாயி அந்தச் சாதனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று நான் ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். முப்பது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே தருணம் அதுதானாம்.

இப்படிப்பட்ட வழக்குக்கு ஒரு நாட்டாமை தேவைப்பட்டது. வேட்டை தெரியாதவன் நாட்டாமையாக முடியாது என்று இருவரும் தீர்மானித்து என்னை வேட்டைக்காரனாக்கப் புறப்பட்டார்கள்.

1973-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். வகுப்பில் பெரியவன் என்று பார்த்தால் நானும் வாத்தியாரும்தான். மற்றவர்கள் எல்லாரும் பன்னிரண்டு வயதைச் சுற்றி. பக்கத்தில் இருந்த இரட்டைச் சடைப் பெண் என் விடைத்தாளை எட்டிப் பார்த்துவிட்டு, தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். பார்த்து எழுதிவிடுவேன் என்ற பயம். நியாயமான பயம்தான்.

வில் என்றதும் நான் வளைந்த மூங்கிலைக் கற்பனை செய்திருந்தேன். கையில் கொடுத்தது கப்பி வைத்த வில். மிசௌரிக்காரர் ஹாலஸ் ஆலன் கண்டுபிடித்து 1969-ல் காப்புரிமை வாங்கிய சமாசாரம். இரண்டு முனையிலும் கிணற்றுக் கப்பி மாதிரி உருளைகள். ஐம்பது பவுண்டு பலத்தோடு நாணை இழுக்க வேண்டும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் உருளை பாரத்தை வாங்கிக்கொண்டு, கையில் கால்வாசிகூட மிஞ்சாது. அந்தக் கட்டத்தைத் தாண்டுவதுதான் பிரச்சினை. ஜனகர் சபையில் ராமனுக்கு முன்னால் வந்து தோற்றுப்போன ராஜாக்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியாது. கடைசி ஆளாக நான் நின்றுகொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து நாண் வந்தது. மரப்பட்டை நிறத்தில் செய்த ரப்பர் மானை இருபது கஜத்தில் நிறுத்தினார்கள். யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலைக் கையில் வைத்திருப்பது பெருமை என்கிறார் வள்ளுவர். ரப்பர் மானுக்குக் குறிவைத்துப் பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தைத் துளைத்தவனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல வில்லில் அம்பு நொடிக்குச் சுமார் 300 அடி பறக்கும். சத்தமோ நொடிக்கு 1,100 அடி போகும். அதாவது அம்பு வருகிறது என்ற செய்தி அம்புக்கு முன்பே மானுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காதில் விழுந்ததும் ஓடுவதற்காக மான் சற்றுக் குனியும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். தமிழ்நாட்டில் சோதனைக்கு அதிகாரி வருகிற செய்தி கடைக்குப் போய்ச் சேர்வதும் இதே வேகத்தில்தான்.

அதைவிடப் பெரிய தொல்லை வாசனை. காற்று நம் பக்கமிருந்து மான் பக்கம் அடித்தால் அன்றைக்கு வேட்டை முடிந்தது. வாசனையில்லாத சோப்பில் குளிக்க வேண்டும். உடுப்பை வாசனையில்லாத தூளில் துவைத்து, இலைச் சருகு போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மூடிவைக்க வேண்டும். அத்தனையும் செய்தேன். பெட்டியை வைத்த இடம் மட்டும் சமையலறைக்குப் பக்கத்து அலமாரி. ரசத்துக்குத் தாளித்த பெருங்காயம் எந்த மூடிக்கும் கட்டுப்படாது. இக்கரையார் என் சட்டையை முகர்ந்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். மான் கிட்டேயே வராது என்பது அவர் கட்சி. எதிர்க்கரையில் உடனே எதிர்க்கட்சி பிறந்தது: புது வாசனை, என்னவென்று பார்க்க வரும். இத்தனைக்கும் இந்தக் கடைகளில் பிணைமானின் மூத்திரத்தைச் சின்னச் சின்னப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள், கலைமானை ஏமாற்ற. ஒரு புட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "கோமியம் மாதிரியா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். புட்டி கார் ஷெட்டுக்குப் போனது. பெருங்காய டப்பா நகரவில்லை.

சென்ற அக்டோபரில் ஒரு சாயங்காலம் இக்கரையார் ஒரு பிணையை எய்தார். எய்ததும் ஓடக் கூடாது. அரைமணியாவது பொறுத்து, டார்ச் விளக்கோடு ரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். போனோம். துளிகள் அடுத்த பண்ணையின் வேலியைத் தாண்டிவிட்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கமாக இருந்தால், தடைப்பலகை வைக்காத நிலத்தில் காயம்பட்ட மானைத் தேடி நடந்தே போய்விடலாம். விஸ்கான்சினில் சொந்தக்காரரைக் கேட்டுத்தான் கால் வைக்க வேண்டும். அந்த வீட்டோடு இக்கரையாருக்குப் பழைய வேலித் தகராறு. "நீ புதுமுகம், நீ போய்க் கேள்" என்றார்.

இரவு எட்டு மணி. முகத்தில் கரி, உடம்பெல்லாம் இலைபோட்ட உடுப்பு, பெருங்காய வாசனை. கதவைத் தட்டி, "அம்பு தைத்த மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்டபோதுதான் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா ஞாபகம் வந்தார். கோவை நூல்களில் இதற்கு ஒரு துறையே இருக்கிறது, கலைமான் வினாதல் என்று. தினைப்புனம் காக்கும் தலைவியிடம் பேச்சுக்கொடுக்க வழிதெரியாத தலைவன், நான் எய்த கலைமான் இங்கே வந்ததா என்று கேட்பான். மானும் இருக்காது, எய்திருக்கவும் மாட்டான். அவள் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். என் விஷயத்தில் மான் நிஜம், வேடம்தான் பொய். தலைவிக்கு எண்பது வயதிருக்கும். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "ஆற்றுக்கு எந்தப் பக்கத்து ஆள் நீ?" ஃபவுண்டன் சிட்டி என்றேன். உள்ளே போய்ப் பெரிய டார்ச் விளக்கை எடுத்துவந்தாள். மான் அவள் ஆப்பிள் மரத்தடியில் கிடந்தது. தொடைக்கறியில் ஒரு பங்கை வாரமாக எடுத்துக்கொண்டுதான் எங்களை அனுப்பினாள்.

இதற்கிடையே கேமராப் போர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மான் நடமாடும் தடத்தில் மரத்தில் கேமரா கட்டிவைப்பார்கள். எது கடந்தாலும் தானே படமெடுக்கும். இக்கரையார் ஒரு பெருங்கலையின் படத்தைக் காட்டினார். பத்துக் கிளை, இடது காதில் கிழிசல். 'மேயர்' என்று பெயர் வைத்திருந்தார். அக்கரையார் தன் போனை எடுத்து 'பாதிரியார்' என்ற கலைமானைக் காட்டினார். பத்துக் கிளை, இடது காதில் கிழிசல். கேன்டீனில் ஒரு நிமிஷம் யாரும் மெல்லவில்லை. வெள்ளைவால் மான் நன்றாக நீந்தும். மாநில எல்லை ஆற்றின் நடுவே ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது.

நவம்பர் முதல் வாரம் கலைமான்கள் பிணைதேடி நிதானமிழக்கும் காலம். அந்த மாதக் கடைசியில் துப்பாக்கிப் பருவம் தொடங்கிவிட்டால், கார்த்திகையில் நம்மூர் காவி கட்டுவதுபோல் ஒன்பது நாள் விஸ்கான்சின் காடெல்லாம் ஆரஞ்சு உடுப்பு. வில்காரனுக்கு அதற்கு முன்தான் அமைதி. விடியும் முன்னே இக்கரையாரின் நிலத்தில் பதினெட்டடி உயரப் பரணில் ஏறி, பட்டையால் என்னை மரத்தோடு கட்டிக்கொண்டேன். ஆறு ஐம்பதுக்குச் சருகு சத்தம். கிழிந்த காது. இருபத்தைந்து கஜம். நாணை இழுத்தேன்; கப்பி பாரத்தை வாங்கிக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கை நடுங்கவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பரணின் இரும்புக் கம்பியில் அது பட்டு ட்ர்ர்ர் என்றது. நாணைத் தளர்த்தி, அதை அணைக்கிறேன் பேர்வழி என்று கையுறையோடு தடவியதில் ஸ்பீக்கர் உயிர்பெற்றது. குளித்தலையில் அப்போது மாலை ஆறு இருபது. அம்மா விளக்கேற்றிவிட்டு எனக்குப் போன் போடுகிற நேரம்.

"சாப்டியாடா?"

மேயர், அல்லது பாதிரியார், வெள்ளை வாலை உயர்த்தி ஆற்றுப் பக்கம் பறந்தார்.

"ஏன்டா பேச மாட்டேங்கிற? எங்க இருக்க, ஒரே காத்துச் சத்தமா இருக்கு?"

"மரத்து மேலம்மா."

"ஏன், தேங்கா பறிக்க அங்க ஆள் கிடைக்காதா?"

மான் என்றேன். சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. நம் நாட்டில் மானைத் தொட்டால் ஜெயில் என்று 1972-லேயே சட்டம் போட்டாயிற்று என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "சீதை கேட்டா, ராமர் போனாரு. உன்ட்ட யார்றா கேட்டா?"

அன்று பதினொரு மணிக்கு அக்கரையாரின் கேமராவில் வயிறுவரை நனைந்த ஒரு கலைமான், கிழிந்த காதோடு. சரக்கு ஏற்றுமதி செய்துவிட்டாய் என்று இக்கரையார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அக்கரையார் ஒரு பொட்டலம் காட்டரிசி கொண்டுவந்து கொடுத்தார். மினசோட்டாவின் மாநிலத் தானியம் அது. "உன் அம்மாவுக்கு" என்றார். அடுத்த வருஷமும் அம்மா அதே நேரத்தில் அழைக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

நாட்டாமை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வில் பருவம் செப்டம்பர் நடுவில் மறுபடி தொடங்குகிறது. குளித்தலைப் பக்கம் யாராவது இதைப் படித்தால் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: நவம்பர் முதல் இரண்டு வாரம், மாலை ஐந்தரையிலிருந்து எட்டு மணிவரை, வேறு யாருக்காவது போன் போடட்டும். முசிறிக்காரர்கள் சிரமப்பட வேண்டாம். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாள்.