கொல்லைக் கட்டையும் கொணர்மண்ணும்: திருவண்ணாமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னாய்வுகள்

திருவண்ணாமலையின் 2,668 அடி மலையைப் பற்றி நூலகம் கொள்ளாத அளவுக்கு எழுதியாகிவிட்டது. 217 அடி ராஜகோபுரத்துக்கும் குறைவில்லை. கொல்லையில் முழங்கால் உயரம் நிற்கும் அடிக்கட்டையைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. ஆய்வில் இடைவெளி இருக்கிறதென்று கண்டுபிடிப்பதே பாதி ஆய்வு என்பர். ஆகவே இக்கட்டுரை ஏற்கெனவே பாதி முடிந்தது.

இத்துறையின் முதற் களப்பணி இவ்வூர்த் தலபுராணத்தில் உள்ளது. சிவனின் அடி காணப் பன்றியாகித் தோண்டிய திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டு மேலே வந்தார். முடி காண அன்னமாய்ப் பறந்த நான்முகனோ, வழியில் இறங்கிக்கொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்துவந்து, கண்டேன் என்றார். முடிவு பொய், மேற்கோள் மட்டும் முறைப்படி இருந்தது. அதற்குத் தண்டனையாக நான்முகனுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடமில்லை என்றாயிற்று. இக்காலத் தாழம்பூக்கள் அடிக்குறிப்புகளில் மணக்கின்றன. கொண்டுவந்தவருக்குப் பதவி உயர்வும் உண்டு.

2. கட்டையின் வகை

முருங்கை: காலால் தள்ளுக.

தென்னை: சல்லி வேர். சுற்றி வெட்டினால் சாயும்.

புளி: கூலி பேசும்போதே ஆள் போய்விடுவார்.

வேலிகாத்தான் எனும் சீமைக்கருவேலம்: தரையோடு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும், வேரோடு பெயர்த்தால்தான் ஒழியும். பலமுறை மறுக்கப்பட்ட கருதுகோள்களிடமும் இவ்வியல்பு காணப்படும்.

வேம்பு: தனி இயல் வேண்டும்.

3. வேப்பங்கட்டை சாமியாதல்

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். இத்தகைய ஊரில் ஒரு கட்டை எத்தனை நாள் வெறுங்கட்டையாக இருக்க முடியும் என்பதே வினா.

முதல் நிலையில் கட்டைமேல் ஈரத்துணி காயும். இரண்டாம் நிலையில், துணி எடுக்க வந்த அத்தை, “வேப்பமரம் ஆச்சே” என்று ஒரு பொட்டு வைப்பார். மூன்றாம் நிலை, ஆடி வெள்ளியில் கூழ். நான்காம் நிலை, மஞ்சள் புடவை. ஐந்தாம் நிலை, உண்டியல். இரண்டாம் நிலை தாண்டியபின் கடப்பாரையோடு வருபவர், “நான் கை வெக்க மாட்டேன் சார்” என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். அவருடைய அரைநாள் கூலியைக் காணிக்கைக் கணக்கில் எழுதுக.

இங்கு ஒரு பூசல் உண்டு. பொட்டே முந்தியது என்பர் ஒருசாரார் (வடக்குத் திண்ணை, வாய்மொழி). எலுமிச்சம்பழமே முந்தியது என்பர் மற்றொரு சாரார் (மளிகைக் கடை, திருத்திய பதிப்பு, மீதிச் சில்லறை வாங்கும்போது). இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமையில் நிகழ்ந்தன என்று சமரசம் செய்வாரும் உளர் (தேரடித் தெரு டீக்கடை, இரண்டாம் பெஞ்சு, இடப்புற ஓரம், பஜ்ஜி மடித்த தாள், எண்ணெய்க் கறைக்குக் கீழுள்ள வரி, மறுப்புரைக்கு அதே பெஞ்சின் வலப்புறம் காண்க, வலப்புறத்தார் எழுந்தால் பெஞ்சு கவிழும் என்பது பின்னிணைப்பு). கருத்தரங்கம் வைக்கத்தக்க பூசல் இது. கட்டை இருந்தால்தான் கருத்தரங்கம் நடக்கும் என்பதால், அதைப் பிடுங்கலாம் என்று எக்கட்சியும் கூறவில்லை.

4. ஒழிப்பு முறைகள்

கட்டையில் துளையிட்டுப் பெருங்காயம் அடைத்தால் பட்டுப்போகும் என்பது ஊர்வழக்கு. கட்டியா தூளா என்பதில் அறிஞர் மௌனம் காக்கின்றனர்.

ஜேசிபி சந்துக்குள் நுழையாது. நுழைந்தால் மதிற்சுவரும் ஆய்வுப்பொருளாகும்.

5. மண்

கட்டை பெயர்ந்த குழியை நிரப்ப மண் வேண்டும். மண்ணளவில் யூனிட் என்பது 100 கன அடி. லோடு என்பது டிராக்டர்காரர் சொல்வது.

ஏரி வண்டல் எடுக்க 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்கீழ் அனுமதி வேண்டும். 2024 முதல் வட்டாட்சியரே தரலாம். நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. கொல்லை எந்தச் செய்? பாத்திரம் கழுவிய நீர் பாயுங்காலை நன்செய். சித்திரையில் குழாய் நின்றதும் புன்செய் என்க. அற்றேல், மண்ணின் அளவு குழாயைப் பொறுத்ததோ எனின், ஆம்.

6. முடிவுரை

குழியில் எஞ்சிய வேர் நாளடைவில் மக்கும். ஒரேயடியாகக் கொட்டிய மண் ஐப்பசி மழையில் அமுங்கும். வேரைப் பொறுக்கிவிட்டு, அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டே வந்தால் பள்ளம் விழாது. இதைக் குழி வெட்ட வந்தவர் ஒரே வாக்கியத்தில், மேற்கோள் எதுவுமின்றிச் சொல்லிவிட்டார். ஆகவே ஆய்வுத் தகுதி இல்லையென விலக்கப்பட்டது.

பள்ளம் விழுமானால் வீட்டுக்காரருக்கு இன்னொரு லோடு. ஆய்வாளருக்கு இரண்டாம் தொகுதி.