பாதி அரிவாளும் முழுக் கேள்விகளும்

கே: இலங்கையிலிருந்து வந்த புதிதில் தாத்தா இங்கே பட்டறை போட்டிருந்தார். அரிவாளாக வளையத் தொடங்கி, பாதியில் நின்றுபோன இரும்பு ஒன்று பரணில் கிடக்கிறது. எடைக்குப் போட மனசில்லை. எதற்காவது ஆகுமா?
(வாசகி, கட்சால்)

ப: முதலில் அதன் சாதகத்தைப் பாருங்கள். ஓர் ஓரத்தைச் சாணையில் லேசாகத் தொட்டால் போதும். பொறி கொத்துக் கொத்தாகப் பூத்து வெடித்தால் லாரிப் பட்டை வகை எஃகு. கோடு கோடாக நீண்டு அணைந்தால் சாதா இரும்பு.

எஃகென்றால் யோகம்தான். உங்கள் ஊரில் ரப்பரும் உண்டு, தென்னையும் உண்டு. நீளம் மிஞ்சினால் களை வெட்டும் கத்தி, குறைந்தால் சிரட்டையிலிருந்து கொப்பரை தோண்டும் கத்தி. வளைந்தும் வளையாமலும் நிற்கிற முனை இந்தத் தோண்டும் வேலைக்கு வாகாக இருக்கும். சாதா இரும்பென்றால் வெட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். வாழைத்தார் மாட்டக் கொக்கி ஆகும், கதவுக்குக் கொண்டி ஆகும். தடிமன் இருந்தால் தரையில் நட்டுத் தேங்காய் உரிக்கலாம். எதுவாக ஆக்கினாலும் சம்மட்டித் தழும்புகளை அரத்தால் ராவி மழமழப்பாக்காதீர்கள். ரேஷன் கார்டு தவிர தாத்தா கையெழுத்துப் போட்ட இடம் அது ஒன்றுதான்.

கே: உருப்படாத இரும்பை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார்.
(வாசகர், ரங்கத்)

ப: அவரைத் தென்மேற்கே திரும்பி வடக்கு சென்டினல் தீவைப் பார்க்கச் சொல்லுங்கள். 1981 ஆகஸ்டில் 'பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பல் அங்கே பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது. பங்களாதேஷிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கோழித்தீவனம் ஏற்றிப் போன கப்பல். மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். இரும்பில் ஒரு பங்கைத் தீவுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். உலை இல்லை, துருத்தி இல்லை. பச்சை இரும்பையே தட்டித் தட்டி, தீட்டித் தீட்டி அம்பு முனை ஆக்கிவிட்டார்கள். மற்ற அந்தமான் பழங்குடிகளும் இதில் சளைத்தவர்கள் அல்ல. ஒரு காலத்தில் அவர்களுக்கு வாய்ச்சி என்றால் சிப்பி ஓடுதான். கரையில் ஒதுங்கிய கப்பல் உடைசலிலிருந்து இரும்பு கிடைக்கத் தொடங்கியதும் சிப்பி ஓய்வு பெற்றது. இவ்வளவும் கேட்டுவிட்டுச் சிரிப்பாரா, பாருங்கள்.

கே: அந்த அம்பு முனை ஒன்று எனக்கு வேண்டும். அங்கே போனால் வாங்க முடியுமா?
(அதே வாசகர்)

ப: முடியும், மார்பில். அதற்கு முன்பே 1956-ல் போட்ட பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

கே: எண்ணெய் தடவினாலும் ஒரு வாரத்தில் துரு ஏறிவிடுகிறதே?
(வாசகர், ஹட்பே)

ப: உப்பைக் கழுவாமல் எண்ணெய் தடவினால் துருவுக்குத் தாளித்துக் கொடுத்த மாதிரிதான். நல்ல தண்ணீரில் கழுவி, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, கை பொறுக்கிற சூட்டில் தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் உருக்கித் தடவுங்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊர், அடிக்கடி தடவத்தான் வேண்டும்.

கே: சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கொட்டகையின் கால்வனைஸ்டு குழாய் இருக்கிறது. அதையும் உலையில் வைத்து அடிக்கலாமா?
(வாசகர், கட்சால்)

ப: கூடவே கூடாது. மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. உலைச் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். மூச்சில் போனால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போடும்.

கே: பாதி அரிவாளைச் சுவரில் அலங்காரமாக மாட்டலாமா?
(வாசகி, அபர்தீன் பஜார், ஸ்ரீ விஜயபுரம். வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது)

ப: தாராளமாக. 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் இரும்பை ஆள்மேலேயே மாட்டினார்கள். சுவருக்கு வந்திருப்பது முன்னேற்றம்தான்.

கே: லாரிப் பட்டைக்குத் தோய்ச்சல் தண்ணீரிலா, எண்ணெயிலா? சூடு போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், மாயாபந்தர்)

ப: எண்ணெயில். தண்ணீரில் போட்டால் விரிசல் விடலாம். சூட்டுக்கு ஒரு காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றித் தோய்த்துவிடுங்கள். பிறகு பளபளப்பாகத் தேய்த்து, வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடு காட்ட வேண்டும். இதை விட்டால் முதல் வெட்டிலேயே கண்ணாடி மாதிரி தெறிக்கும்.

கே: என் கணவரும் பாதியில் நின்ற வேலைதான். அவருக்கும் ஏதாவது சோதனை உண்டா?
(வாசகி, டிகிலிப்பூர்)

ப: அதே காந்தச் சோதனைதான், தீர்ப்பு மட்டும் நேர்மாறு. எவ்வளவு சூடேறினாலும் ஒட்டிக்கொண்டிருந்தால் சரக்கு நல்ல சரக்கு.