தூங்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன்

மீட்டிங்கில் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிற ரகம் நான். பல வருஷமாக ஊரையே அப்படித்தான் நம்ப வைத்திருந்தேன். யோசிக்கும்போது வாய் எதற்குத் திறந்திருக்கிறது என்று மேனேஜர் கேட்ட அன்றைக்குத்தான் அந்த விளக்கம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்க வேண்டியவன் நான். ஆனால் நுங்கம்பாக்கத்தை விட பீச் ஸ்டேஷன்தான் எனக்கு நல்ல பழக்கம். நல்லவேளை, அந்த வண்டி அதற்கு மேல் போகாது.

உங்களுக்கும் இந்த வியாதி இருந்தால் அடுத்து நான் என்ன செய்திருப்பேன் என்று தெரிந்திருக்கும். டாக்டரைத் தவிர எல்லாரையும் கேட்டேன். மதியத் தயிர்சாதம்தான் வில்லன் என்றார் பக்கத்து சீட்டுக்காரர். நிறுத்தினேன். தூக்கத்தோடு பசியும் சேர்ந்துகொண்டது.

அடுத்து காபி. குடித்த காபியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒன்று போட்டுக்கொண்டு, நடுராத்திரி தாண்டியும் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்தக் களைப்பு தீர மறுநாள் இன்னொரு காபி.

இதற்கு நடுவில் மூக்கொழுகலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நானாகக் கேட்டு வாங்கிய மாத்திரை வேறு. தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள் என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கடைசியில் மனைவிதான் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ஒரு ஃபாரம் கொடுத்தார். எப்வொர்த் ஸ்கேல் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னைச் சேர்ந்த மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் 1991இல் வெளியிட்டது. படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, டிராஃபிக்கில் கார் நிற்கும்போது என்று எட்டு சந்தர்ப்பங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணசர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய தூக்கம். நான் நேர்மையாக எனக்கு 7 போட்டுக்கொண்டேன்.

மனைவி பேனாவை வாங்கினாள். 19 ஆயிற்று. ‘உட்கார்ந்து யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போது’ என்ற கேள்விக்கு நான் போட்ட பூஜ்யத்தை அடித்து 3 ஆக்கினாள். “அந்த ‘யாருடனாவது’ நான்தான் டாக்டர்” என்று விளக்கமும் கொடுத்தாள்.

ராத்திரி போதுமான தூக்கம் இல்லை, சாப்பிடுகிற மாத்திரை, தைராய்டு, ரத்தசோகை, மன அழுத்தம், நார்கோலெப்ஸி என்று பகல் தூக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டாம். எனக்கு தைராய்டு மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. அது என்றால் நம் குற்றம் ஒன்றுமில்லை பாருங்கள். ரிசல்ட் நார்மல்.

“குறட்டை உண்டா?” என்றார். “நான் கேட்டதில்லை டாக்டர்” என்றேன். மனைவி மொபைலை நீட்டினாள். அதில் ஒரு கர்ஜனை, பிறகு பயப்படும்படியான நிசப்தம், பிறகு மூச்சு முட்டி எழுகிற ஒரு சத்தம், திரும்பவும் கர்ஜனை. அந்த நிசப்தம்தான் விஷயம். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபட்டுவிடுகிறது. ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி ஒரு சில நொடி உசுப்பிவிடுகிறது. காலையில் அது எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன் என்று நான் பெருமை பேசிய ராத்திரிகளில் இதுதான் நடந்திருக்கிறது.

கழுத்தை டேப்பால் அளந்தார். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம் கூடுமாம். எனக்கு 43. இத்தனை வருஷம் சட்டை தைத்த டெய்லர் நாகரிகம் கருதி இதை என்னிடம் சொன்னதில்லை.

ஸ்லீப் டெஸ்டுக்கு ராத்திரி அங்கேயே படுக்க வேண்டும். தலை, மூக்கு, நெஞ்சு, விரல், கால் என்று எல்லா இடத்திலும் ஒயர். பட்டப்பகலில் கண்ட இடத்திலெல்லாம் தூங்கியவன், தூங்குவதற்கென்றே பணம் கட்டிய இடத்தில் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். ஒருவழியாக விடியற்காலையில் கண்ணசந்ததில் தேவையான அளவு பதிவாகிவிட்டது. மணிக்கு ஐந்து தடவைக்குக் குறைவாக மூச்சு தடைபட்டால் நார்மல், 30 என்றால் கடுமை. எனக்கு 41. ஸ்கூலில் கணக்குப் பாடத்தில் என்னால் தொட முடியாத பாஸ் மார்க்கை இங்கே அநாயாசமாகத் தாண்டியிருந்தேன்.

மாத்திரை இல்லையா என்று கெஞ்சினேன். மோடஃபினில் என்று ஒன்று உண்டு, அது விழிக்க வைக்கும், அடைத்த தொண்டையைத் திறக்காது என்றார். எனவே சிபாப் மெஷின். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் கொண்டுவந்த வைத்தியம். மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்தே வைக்கும். கூடவே எடையைக் குறைக்கச் சொன்னார். அதைப் பற்றி இன்னொரு கட்டுரையில் பேசுவோம்.

அடுத்த விசிட்டில், தினமும் ராத்திரி முழுக்க மாஸ்க் போடுகிறேன் என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் மெஷினிலிருந்து சின்ன கார்டு ஒன்றை உருவி கம்ப்யூட்டரில் போட்டார். எந்த ராத்திரி எத்தனை மணிக்குக் கழற்றி வைத்தேன் என்பது வரை அதில் இருந்தது. வீட்டில் ஒரு சாட்சி போதாதென்று காசு கொடுத்து இன்னொன்றும் வாங்கியிருக்கிறேன்.

பிறகு பயந்து ஒழுங்காகப் போட்டேன். இப்போது நுங்கம்பாக்கத்தில் இறங்குகிறேன். ஸ்டேஷன் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த எட்டுக் கேள்விகளை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஆனால் பேனாவை வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மொத்தம் பத்தைத் தாண்டினால், டாக்டரைப் பார்க்கும் வரை வண்டிச் சாவியும் அவர்களிடமே இருக்கட்டும்.